அப்பத்தாவின் அண்ணன் பேரப்பிள்ளைகள் என்ன முறை?

உங்கள் அப்பத்தாவுடைய அண்ணனுக்கு ஒரு மகள், ஒரு மகன். இருவரின் பிள்ளைகளும் காதுகுத்துக்கு வருகிறார்கள், எல்லோருமே அண்ணன் தங்கை முறைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்தான், ஆனாலும் உங்களுக்கு இரண்டு முறை வரும்.

உங்களிடமிருந்து எண்ணாமல் அப்பாவிடமிருந்து தொடங்குங்கள். அப்பத்தாவின் அண்ணன் அப்பாவுக்குத் தாய்மாமன். மாமன் மகன் அவருக்கு மச்சான், உங்களுக்கு மாமா. அந்த மாமாவின் பையன் உங்களுக்கு மச்சான், பெண் முறைப்பெண்.

மகள் பக்கம்தான் பலரும் தடுமாறுகிற இடம். அவர் உங்கள் அப்பாவுக்கு மாமன் மகள், அதாவது கட்டிக்கொள்ளும் முறை. அப்பா கட்டும் முறையில் இருப்பவர் நமக்கு அம்மா ஸ்தானம். அதனால் உங்கள் அம்மாவைவிட மூத்தவர் என்றால் பெரியம்மா, இளையவர் என்றால் சின்னம்மா. அவர் பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன், தங்கைதான். அங்கே சம்பந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த மாமா தன் அக்காள் மகளையே கட்டியிருந்தால், உங்களுக்குத் தங்கை முறையில் பிறந்தவர் அத்தையாகவும் ஆகிவிடுவார். எங்கள் பக்கம் அப்படி வந்தால் கட்டியவரை வைத்து அத்தை என்றே கூப்பிடுவோம், பிள்ளைகளுக்கும் மாமா வழி முறைதான். உங்கள் ஊர் வழக்கம் வேறாக இருக்கலாம். பத்திரிகை வைக்கப் போகும் முன் உங்கள் அத்தைக்கு ஒரு போன் போட்டு, "அவங்களை நாம எப்படிக் கூப்பிடுறது?" என்று கேட்டுவிடுங்கள்.