ஆறு கியரா, ஒன்பது கியரா?

கேள்வி: அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். நானும் என் கணவரும் ஆசிரியர்கள். ஆட்டோமேட்டிக் டீசல் கார் வாங்கப் பணம் சேர்த்திருக்கிறோம். பார்த்து வைத்திருக்கும் இரண்டு கார்களில் ஒன்றுக்கு 6 கியர், மற்றதற்கு 9 கியர். கியர் கூடக் கூட இழுவையும் மைலேஜும் கூடும் என்கிறார் விற்பனையாளர். விலை வித்தியாசம் எங்களுக்குச் சின்னத் தொகை அல்ல. தினமும் பாளையங்கோட்டை போய் வருவோம். மாதம் ஒருமுறை நாகர்கோவிலில் அம்மா வீட்டுக்கு. எதை வாங்கலாம்?
– ஆசிரியை, ஆலங்குளம்

பதில்: அன்புத் தங்கைக்கு வணக்கம். மற்ற வசதிகள் இரண்டிலும் ஒன்றுதான் என்றால் 6 கியர் காரையே வாங்குங்கள். கியர் எண்ணிக்கைக்காக மட்டும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் இறங்கும் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கரைக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள உயரம் ஒரு கணக்கு. அந்த உயரத்தை எத்தனை படிகளாக வெட்டியிருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. நான்கே படிகள் என்றால் வயதானவர்கள் ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். எட்டுப் படிகள் என்றால் பேசிக்கொண்டே இறங்கலாம். அதே உயரத்தை இரண்டு விரல் கனத்தில் முப்பது படிகளாக வெட்டினால், எங்கே கால் வைப்பது என்று குனிந்து பார்ப்பதிலேயே பொழுது போகும்.

கியர்பெட்டியிலிருந்து வெளியே போகும் தண்டு ஒருமுறை சுற்ற என்ஜின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே ஒரு கியரின் விகிதம். முதல் கியரின் விகிதத்தைக் கடைசிக் கியரின் விகிதத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் அந்த உயரம். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் பலமும், நெடுஞ்சாலையில் என்ஜின் நிதானமாகச் சுற்றும் அமைதியும் அதற்குள்தான் அடங்கும். பழைய 4 கியர் பெட்டிகளில் அது ஏறத்தாழ 4. இப்போதைய 6 கியர் பெட்டிகளில் 6க்குப் பக்கம். ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 2009இல் கொண்டுவந்த 8 கியர் பெட்டியில் 7; அதே நிறுவனத்தின் 9 கியர் பெட்டியில் 9.8. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய 10 கியர் பெட்டியில் எவ்வளவு தெரியுமா? 7.4தான். பத்துப் படி உள்ள துறை ஒன்பது படி உள்ள துறையைவிட ஆழம் குறைந்தது! விற்பனையாளர் எண்ணிக்கையை மட்டும் சொல்லும்போது இது உங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வண்ணார்பேட்டையில் 31 ஆண்டுகளாகக் கியர்பெட்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கிலிருந்து ஆறுக்கு வந்தது மெய்யான முன்னேற்றம். 4 கியர் வண்டியில் பஸ்ஸை முந்த ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரேயடியாகக் கீழே இறங்கி என்ஜின் அலறும். ஆறில் அந்த அலறல் இல்லை. ஆறிலிருந்து எட்டுக்குப் போனதிலும் பலன் உண்டு. முந்தைய 6 கியர் பெட்டியைவிட எரிபொருள் 6 சதவீதம் மிச்சம் என்பது இசட்.எஃப். சொன்ன கணக்கு. ஆனால் அது முழுவதும் கூடுதல் இரண்டு கியர்களால் வந்ததல்ல. கியரைப் பிடிக்கவும் விடவும் பெட்டிக்குள்ளே கிளட்ச், பிரேக் என்று ஐந்து தொகுதிகள் உண்டு (இது சக்கரத்தின் பிரேக் அல்ல). பழைய பெட்டியில் எந்தக் கியரிலும் மூன்று தொகுதிகள் பிடிக்காமல் திறந்த நிலையில் எண்ணெயில் உரசிக்கொண்டே சுற்றும். புதியதில் இரண்டுதான் அப்படிச் சுற்றும். அந்த வடிவமைப்பைக் கண்டுபிடித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எண்ணிக்கையை ஏற்றியதற்காக அல்ல, உரசலைக் குறைத்ததற்காக.

எட்டுக்கு மேல் போனால் நம் சாலைகளில் கிடைப்பது மிகக் கொஞ்சம். 9 கியர் கார் வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் ஓட்டியும் மீட்டரில் 9 என்ற எண்ணைப் பார்த்ததில்லை. அவருடைய காரில் கடைசிக் கியர் 100 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் விழும். நம் நால்வழிச் சாலையில் அந்த வேகத்துக்கு அனுமதி இல்லை. அவரும் சட்டத்தை மதிப்பவர். ஆலங்குளம் சாலையில் உங்களுக்கு அந்தக் கியரால் என்ன பயன்?

நாகர்கோவில் பயணத்தைச் சொன்னீர்கள். ஆனி, ஆடியில் பணகுடியைத் தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று முகத்தில் அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தானே! மேல் கியரில் என்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் அந்தக் காற்றைத் தள்ளும் வலு அதற்குப் போதாது. பெட்டி ஒரு கியர் இறங்கும், வேகம் வந்ததும் ஏறும், மறுபடி இறங்கும். நெருக்கமான கியர்கள் நிறைய உள்ள வண்டிகளில் இந்தத் தடுமாற்றம் கூடுதலாகவே தெரியும். கார் பழுதாகிவிட்டது என்று பயந்து, காவல்கிணற்றிலிருந்து எனக்கு போன் செய்தவர்கள் உண்டு. பழுதல்ல. லிவரை மேனுவலுக்குத் தள்ளி, ஒரு கியர் கீழே பிடித்து ஓட்டினால் போதும். எந்தக் கார் வாங்கினாலும் இதை நினைவில் வையுங்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலிலிருந்து மலை இறங்கும்போதும் இரண்டாம் கியரில் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950இல் அமெரிக்காவில் வந்த பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு இரண்டே கியர்கள். நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் அதை இன்றும் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள். கியர் மாறும் ஒவ்வொரு முறையும் நொடியில் ஒரு துளி வீணாகிறது என்பது அவர்கள் கணக்கு. அவரவர் வேலைக்குத் தேவையான படிகள் இருந்தால் போதும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டார் எல்லோரும் ஏறிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். காலை நெரிசலில் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி, நின்று நின்று கிளம்புங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது முதுகில் இடி தெரிகிறதா? பிறகு தென்காசி சாலையில் 50இல் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்தி, வண்டி பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். அந்தப் பெட்டியைப் பிரிக்கத் தெரிந்தவர் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறார் என்றும் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: சி.வி.டி. காரில் கியரே இல்லை என்கிறார் என் மைத்துனர். விளம்பரத்தில் 7 கியர் என்று போட்டிருக்கிறதே?
– வாசகர், வள்ளியூர்

பதில்: மைத்துனர் சொல்வது சரி. இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஓடும் எஃகுப் பட்டையும்தான் அதன் உயிர். கப்பி விரிந்து சுருங்க, விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். மேலே சொன்ன படித்துறைக்குப் பதிலாகச் சாய்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டச்சு நிறுவனமான டாஃப் 1958இலேயே ரப்பர் பட்டையுடன் இப்படி ஒரு காரை அறிமுகப்படுத்தியது. அந்த 7 என்பது, ஓட்டுபவருக்குக் கியர் மாற்றுவது போன்ற உணர்வைத் தர மென்பொருள் குறித்து வைத்த ஏழு இடங்கள். டவுனுக்குள் ஓட்ட அருமையான வண்டி.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கு ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று சர்வீஸில் சொல்கிறார்கள். என் கார் 90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: மாற்றுங்கள், ஐயா, தயவுசெய்து மாற்றுங்கள். அந்த வார்த்தையை நம்பி 1,40,000 வரை ஓட்டிய ஒருவரின் பெட்டியைச் சென்ற மாதம் திறந்தேன். எண்ணெய் கருப்பட்டிப் பாகு நிறத்தில், தீய்ந்த வாடையோடு வந்தது. கிளட்ச் தட்டுகள் மழுங்கிவிட்டன. செலவைக் கேட்டு அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. பெட்டி தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. உங்கள் பெட்டி எந்த வகையோ, அதற்குக் குறித்த எண்ணெயையே கேட்டு வாங்குங்கள். வேறு எது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பல பெட்டிகளில் என்ஜின் ஓடும்போது, எண்ணெய் 40 டிகிரி அளவுக்குச் சூடாக இருக்கும்போதுதான் அதன் மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஓடி வந்த வண்டியில் எண்ணெய் அதைவிடச் சூடாக இருக்கும். ஆகவே முதல் நாள் மாலையே வண்டியைப் பணிமனையில் விட்டுவிடுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.