கிங் பிறந்தநாள் விடுமுறை: யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள்?

மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை அமெரிக்க அரசு விடுமுறையாக்கிய வாக்கெடுப்பு பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஐயா, கிங் கொல்லப்பட்டது 1968-இல். சட்டம் வந்தது 1983-இல். ஏன் இவ்வளவு தாமதம்?

கொலை நடந்த நான்காம் நாளே பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் காண்யர்ஸ் மசோதா கொண்டுவந்தார். அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. 1979-இல் பிரதிநிதிகள் சபையில் 252 பேர் ஆதரித்தார்கள், 133 பேர் எதிர்த்தார்கள். அப்படியும் மசோதா தோற்றது! திருத்தங்களுக்கு இடமில்லாத குறுக்கு வழியில் அதைக் கொண்டுவந்ததால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. ஐந்து வாக்குகள் குறைந்தன. அதனால், தோற்றது என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டுச் சபையே எதிர்த்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): 1983-இல் எதிர்த்தவர்கள் எல்லாம் குடியரசுக் கட்சியினரா?

இல்லை அம்மா. பிரதிநிதிகள் சபையில் 338-க்கு 90. எதிர்த்த 90 பேரில் 77 பேர் குடியரசுக் கட்சி, 13 பேர் ஜனநாயகக் கட்சி. செனட்டில் 78-க்கு 22. இரு அவைகளிலும் குடியரசுக் கட்சியினரிலேயே பெரும்பாலோர் ஆதரித்தார்கள். ஆதரித்தவர்களில் செனட்டர் ஸ்ட்ராம் தர்மாண்டும் ஒருவர். 1957-இல் சிவில் உரிமை மசோதாவைத் தடுக்க 24 மணி நேரத்துக்கும் மேல் நின்று பேசியவர் அவர். அந்தப் பெயரை ஆதரவுப் பட்டியலில் முதன்முதலில் பார்த்தபோது நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

கேள்வி: செலவு அதிகம் என்றுதானே எதிர்த்தார்கள்?

அதை உண்மையாகவே கருதிச் சொன்னவர்களும் உண்டு. சம்பளத்துடன் இன்னொரு விடுமுறை என்றால் அரசுக்குச் செலவுதான். அந்தக் கவலையைத் தணிக்கத்தான் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கேட்டி ஹால் 1983-இல் கொண்டுவந்த தமது மசோதாவில் ஜனவரி 15-க்குப் பதிலாக மூன்றாம் திங்கட்கிழமையை வைத்தார். ஆனால் செனட்டில் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் செலவோடு நிற்கவில்லை. கிங்கைக் கம்யூனிஸ்டுகளோடு முடிச்சுப் போட்டு ஏறக்குறைய 300 பக்க ஆவணத்தைக் கொண்டுவந்தார். இன்னொரு செனட்டரான மொய்னிஹான் அதைக் குப்பை என்று சொல்லித் தரையில் வீசினார். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாத இடத்தில் வைக்கப்பட்ட பழி அது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

கேள்வி (மதுரை ஆசிரியர்): அன்று எதிர்த்தவர்கள் பிறகு மனம் மாறினார்களா?

அன்று அரிசோனா மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த ஜான் மெக்கெய்ன் மாறினார். 1983-இல் எதிர்த்து வாக்களித்த அவர், 2008 ஏப்ரல் 4 அன்று, கிங் சுடப்பட்ட மெம்பிஸ் நகரில் அதே விடுதியின் முன் நின்று, தாம் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டார்கள். இருந்தும் சொன்னார். அவரைப் பற்றி எழுதும்போது இரண்டு தேதிகளையும் எழுதுவதுதான் நியாயம்.

கேள்வி: அவருடைய அரிசோனா மாநிலத்தில் என்ன ஆனது?

1987-இல் ஆளுநர் எவன் மெக்கம் அங்கே இந்த விடுமுறையை ரத்து செய்தார். 1990-இல் வாக்காளர்களே நிராகரித்தார்கள். அதனால் அங்கே நடக்கவிருந்த 1993 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதி) ஆட்டம் கைநழுவிப் போனது. 1992-இல் அதே வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி: 2021-இல் ஜூன்டீன்த் விடுமுறையை எந்தெந்த செனட்டர்கள் ஆதரித்தார்கள்? பட்டியல் கிடைக்குமா?

அடிமைத்தளை அறுந்ததை நினைவுகூரும் அந்த நாளுக்குப் பிரதிநிதிகள் சபையில் பெயர்ப் பட்டியல் உண்டு: 415-க்கு 14. செனட்டில் கிடையாது. யாரும் ஆட்சேபிக்காததால் ஒருமனதாக நிறைவேறியதாக அறிவித்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு செலவைக் காட்டித் தடுத்த செனட்டர் ரான் ஜான்சன் இம்முறை தடுக்கவில்லை. அவ்வளவுதான் பதிவில் இருக்கிறது. எனவே எந்த செனட்டரின் பெயருக்கு எதிரிலாவது 'ஆதரித்து வாக்களித்தார்' என்று கண்டால், அது எழுதியவரின் ஊகம்.