நூறைத் தொட்டால் மிதக்கும் சிறிய கார்: கேள்வி-பதில்

சிறிய கார் நெடுஞ்சாலையில் நிலைகொள்ளவில்லை என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: 'எதை வாங்கி மாட்டினால் சரியாகும்?' பெரும்பாலும் எதையும் வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே மாட்டியிருப்பது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கீழே உள்ள பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. 90-ஐத் தாண்டியதும் கார் மிதப்பதுபோல் இருக்கிறது. நேராகப் போவதற்கே ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

டயர் காற்றிலிருந்து. 1,000 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 250 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 110 சதுர சென்டிமீட்டர், அதாவது உங்கள் உள்ளங்கை அளவு. கார் நேராகப் போவது, திரும்புவது, நிற்பது எல்லாமே இந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான்.

'காற்றைக் குறைத்தால் தொடும் பரப்பு கூடும், பிடிப்பும் கூடுமே' என்று சிலர் வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் டயரின் பக்கச்சுவர் தொய்ந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முதலில் டயர் முறுக்கிக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் கார் திரும்பும். அந்த இடைப்பட்ட கணம்தான் உங்களுக்கு 'மிதப்பாக' தெரிகிறது. பின் டயர்களில் காற்று குறைந்தால் தொல்லை இன்னும் அதிகம். முன்பக்கம் திரும்பிவிடும், பின்பக்கம் கொஞ்சம் தாமதித்து வந்து சேரும், லேன் மாறும்போது வால் ஆடும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ கதவின் விளிம்பிலோ ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று பிடிக்காதீர்கள். ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருந்தால், ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் போகும் நாளில் இரண்டாவது வரிசைதான் கணக்கு. பின் டயர்களுக்கு அது சில பிஎஸ்ஐ கூடுதலாகவே இருக்கும்.

டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்: வண்டி மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் ஓடிய டயரில் 4, 5 பிஎஸ்ஐ கூடிக் காட்டுவது இயல்பு. 'அதிகமாக இருக்கிறதே' என்று அங்கேயே இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடுதான் கிளம்புவீர்கள். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலிலேயே வாங்கத் தகுந்த பொருள் அது ஒன்றுதான். நைட்ரஜன் கேட்கிறவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

கேள்வி: அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து திருத்துவது) பார்த்தாயிற்று. 'எல்லாம் பச்சை' என்று தாளையும் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் கார் அலைகிறது.

அலைன்மென்ட் இயந்திரம் நிற்கும் காரைத்தான் அளக்கிறது. சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம்) கிழிந்திருந்தாலும் நிற்கும்போது சக்கரம் சரியான இடத்தில்தான் இருக்கும், தாளும் பச்சையாகத்தான் வரும். சாலையில் ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்தப் புஷ் விட்டுக்கொடுக்கும். சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னுக்கு நகரும், கோணங்கள் எல்லாம் மாறிப்போகும். ஆகவே முதலில் பாகங்களில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் இரண்டு தடவை செலவு.

பார்ப்பது கடினமில்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழுமாக (12 மணி, 6 மணி நிலையில்) பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்டோ (லோயர் ஆர்மின் நுனியில் இருக்கும் மூட்டு) வீல் பேரிங்கோ (சக்கரம் சுழலத் தாங்கும் பாகம்) தேய்ந்திருக்கிறது. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமுமாக (9 மணி, 3 மணி) ஆட்டும்போது மட்டும் தட்டினால் டை ராட் எண்டையோ (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை) ஸ்டியரிங் ராக்கையோ (அந்தத் தண்டை நகர்த்தும் பல்சட்டம்) சந்தேகப்படுங்கள். புஷ்ஷுக்கு மட்டும் கையின் பலம் போதாது. கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால், ரப்பர் உலோக உருளையை விட்டுப் பிரிந்திருப்பது விரிசலாகத் தெரியும்.

அந்தத் தாளில் மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. முன் சக்கரங்கள் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்திருந்தால் கார் எந்தக் குழியையும் சாக்காக வைத்துத் திசை மாறப் பார்க்கும். இரண்டாவது காஸ்டர், அதாவது பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் கோணம். ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவதற்குக் காரணம் இதுதான். இடத்துக்கும் வலத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், காஸ்டர் குறைவாக உள்ள பக்கம் கார் இழுக்கும். பெரும்பாலான சிறிய கார்களில் காஸ்டரைத் திருத்த வழி கிடையாது. எண் தவறினால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது த்ரஸ்ட் கோணம், அதாவது பின் சக்கரங்கள் காரை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்பது. பின் அச்சு சற்றுக் கோணினாலும் ஸ்டியரிங் நேராக இருக்கும்போது கார் நேராகப் போகாது. முன்பக்கத்தை மட்டும் அளந்து தாள் கொடுத்திருந்தால் அது பாதி வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பிய பிறகு நடுவுக்கு வர மறுத்து, அந்தப் பக்கமே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? ஸ்ட்ரட்டின் (முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேலே இருக்கும் மவுன்ட் பேரிங் இறுகியிருக்கலாம். மெக்கானிக்குகள் அடிக்கடி விட்டுவிடும் இடம் இது.

கேள்வி: மேடு பள்ளம் தாண்டிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடுகிறது. ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போய்விட்டதா?

ஏறக்குறைய உறுதியாக. ஒரு மூலையை அழுத்தி விட்டால் கார் எழும்பி ஒரே முறையில் அடங்க வேண்டும். ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்திருந்தாலும், டயரில் கை வைத்தால் மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தாலும் சோதனையே வேண்டாம். ஓர் அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: லாரி, பேருந்தை முந்தும்போது கார் முதலில் உள்ளே இழுக்கிறது, பிறகு வெளியே தள்ளுகிறது. காற்று அடிக்கும் நாட்களில் பயமாகவே இருக்கிறது. இது காரின் குறையா?

குறை இல்லை. உயரமாகவும் நீளம் குறைந்ததாகவும் லேசாகவும் இருக்கும் எந்தக் காருக்கும் வரும் தொல்லை. பக்கவாட்டுக் காற்றின் விசை காரின் எடை மையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கமாகவே விழுகிறது. அதனால் காற்று காரைத் தள்ளுவதோடு நிற்காமல் மூக்கைத் திருப்பியும் விடுகிறது.

லாரி இருக்கும் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது என்று வையுங்கள். அதுவரை காற்றுக்கு எதிராக ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்திருப்பீர்கள். லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிடும், உங்கள் திருப்பம் மட்டும் மிச்சமிருக்கும். கார் லாரியை நோக்கிப் போகும். லாரியின் முகத்தைத் தாண்டியதும் மறைவு முடிந்து காற்று மறுபடி மூக்கில் அறையும். அங்கேயே லாரி தன் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்றும் சேர்ந்துகொள்ளும். இந்த இரண்டு இடங்களும் எங்கே வரும் என்று தெரிந்தால் கை தயாராக இருக்கும்.

செய்ய வேண்டியவை: முந்தத் தொடங்கும் முன்பே லேனின் வெளி விளிம்பு ஓரமாக இடம் விட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் 9, 3 மணி நிலையில் வையுங்கள். சிறிதாகத் திருத்துங்கள், திருத்தியதை உடனே விடுங்கள். பயந்து வெட்டித் திருப்புவதுதான் ஆபத்து, காற்றே அவ்வளவு தள்ளாது. பாலங்கள், மலை வெட்டுகள், வரிசையாக நிற்கும் மரங்களின் முடிவு ஆகிய இடங்களிலும் இதே கதைதான்.

வேகத்தைக் குறைத்தால் இரட்டை லாபம். பக்கவாட்டு விசை ஏறக்குறைய காரின் வேகத்தோடு சேர்ந்தே கூடுகிறது. 100-லிருந்து 80-க்கு இறங்கினால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஒரு வினாடியில் கார் ஓடும் தூரமும் 28 மீட்டரிலிருந்து 22 மீட்டராகும், திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். கூரையில் பெட்டி கட்டியிருந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிக்கியில் மணல் மூட்டை வைத்தால் கார் அமுங்கி ஓடும் என்கிறார்களே?

பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் எழும்பும். பின் அச்சுக்கு 50 சென்டிமீட்டர் பின்னால் 120 கிலோ வைக்கிறீர்கள், முன் பின் அச்சுகளுக்கு இடைவெளி 240 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பின் அச்சில் 145 கிலோ கூடும், முன் அச்சில் 25 கிலோ குறையும். திருப்புவதும் இழுப்பதும் முன் சக்கரங்களாக இருக்கிற காரில் அவற்றின் எடையையே பிடுங்கினால் ஸ்டியரிங் இன்னும் லேசாகும். போதாததற்கு விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். கனமான சாமான் உண்மையிலேயே இருந்தால் டிக்கியின் தரையில், பின் சீட்டின் முதுகோடு ஒட்டி வையுங்கள், நகராமல் கட்டுங்கள்.

கேள்வி: 165/70 ஆர்14 டயரை 185 அகலத்துக்கு மாற்றலாமா? கூடவே ஸ்பாய்லர், தாழ்த்தும் ஸ்பிரிங் போடவும் யோசனை.

டயர் மாற்றுவதில் ஓரளவு நியாயம் உண்டு. உங்கள் டயரின் விட்டம் சுமார் 587 மி.மீ., 185/60 ஆர்14 சுமார் 578. வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. வளைவில் பிடிப்பு கூடும். ஆனால் அகல டயர் சாலையில் பதிந்த சக்கரத் தடங்களைப் பிடித்துக்கொண்டு காரை இழுக்கும், தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும். அதாவது நீங்கள் புகார் செய்யும் அந்த அலைச்சலே கூடவும் வாய்ப்புண்டு. ரிம் அகலம் பொருந்துகிறதா என்று பாருங்கள். லோடு எண்ணும் வேகக் குறியும் பழைய டயருக்குக் குறையக் கூடாது. பழைய அளவிலேயே நல்ல, புதிய டயர் நான்கு போடுவதுதான் எங்கள் யோசனை. வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

ஸ்பாய்லர் மிக அதிக வேகத்தின் விவகாரம். 1998-இல் வந்த ஆடி டிடி பின்பக்கம் நிலைகுலைந்து விபத்துகள் நடந்த பிறகு, அந்த நிறுவனம் பின் ஸ்பாய்லர் சேர்த்தது, சஸ்பென்ஷனையும் மாற்றியது. 100 கி.மீ. வேகத்தில் ஒரு சிறிய காருக்கு ஸ்பாய்லரால் சில கிலோ அளவுக்குத்தான் வித்தியாசம் வரும். அழகுக்கு என்றால் மாட்டுங்கள்.

தாழ்த்தும் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். பழைய ஷாக்கோடு வெறும் ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால் சஸ்பென்ஷன் ஏறி இறங்க இடமில்லாமல் ரப்பர் ஸ்டாப்பில் இடிக்கும். டை ராடும் லோயர் ஆர்மும் இருக்கும் கோணம் மாறிவிடுவதால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரத்தின் டோ தானாக மாறும். நீங்கள் திருப்பாமலே கார் திரும்பும்.

கேள்வி: இஎஸ்சி (சறுக்கும் காரின் திசையை மீட்கும் மின்னணு அமைப்பு) இருக்கும் காரில் இதெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லைதானே?

1997-இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகையின் திடீர் விலகல் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் என்ற உயரமான சிறிய கார் கவிழ்ந்தது. நிறுவனம் சஸ்பென்ஷனைத் திருத்தி, இந்த அமைப்பை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. அந்த அளவுக்கு உதவக்கூடியதுதான். ஆனால் கார் சறுக்கத் தொடங்கிய பிறகுதான் இது வேலை செய்யும்: ஏதாவது ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்துத் திசையை மீட்கும். மிதப்பையும் அலைச்சலையும் இது தொடாது, தேய்ந்த டயருக்குப் பிடிப்பும் கொடுக்காது. அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்ஜியமாக்கச் சொல்லிக் கேளுங்கள். அதை விட்டுவிட்டால் சில கார்களில் விளக்கு எரிந்தபடியே இருக்கும்.

கேள்வி: இரண்டு புது டயர்தான் வாங்க முடியும். முன்னால் போடவா, பின்னால் போடவா?

பின்னால். முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் பின்னால்தான். மழைநீரில் முன் டயர் மிதந்தால் கார் நேராகச் சறுக்கும், ஸ்டியரிங் லேசானதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், ஆக்சிலரேட்டரை விட்டால் மீளும். பின் டயர் மிதந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் கார் சுழலும்.

டயர் நீரில் மிதக்கும் வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்குங்கள். வழுக்கையான டயரும் தேங்கிய நீரும் இருந்தால் 32 பிஎஸ்ஐக்கு சுமார் 94 கி.மீ., 24-க்கு சுமார் 82. பட்டன் ஆழம் (டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம்) 1.6 மி.மீ. என்பது பல நாடுகளில் சட்டத்தின் எல்லை. மழையில் வேகமாகப் போகிறவர்கள் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: 85-இல் ஸ்டியரிங் நடுங்குகிறது, 110-இல் நின்றுவிடுகிறது.

பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை. ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். சேற்றுப் பாதையில் போய் வந்த மறுநாள் திடீரென்று ஆரம்பித்ததென்றால், கடைக்குப் போகும் முன் ரிம்மின் உட்பக்கத்தில் காய்ந்திருக்கும் சேற்றைக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.