அத்துமீறல் என்று எப்போது எழுதலாம்?

கேள்வி: ‘அத்துமீறல்’ என்றால் என்ன? எல்லை தாண்டல், வரம்பு மீறல், அத்துமீறல் எல்லாம் ஒன்றுதானா? எங்கே எதை எழுதுவது?

ஒன்றில்லை. எல்லை தாண்டல் என்பது நடந்ததை மட்டும் சொல்லும். தெரியாமலும் எல்லையைத் தாண்டலாம். வரம்பு மீறல் என்று பெரும்பாலும் பேச்சையும் நடத்தையையும்தான் சொல்கிறோம். பெரியவர்களிடம் வாய் நீண்டால் அது வரம்பு மீறிய பேச்சு. எங்கள் பக்கத்துப் பேச்சில் அதையே “உனக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு” என்று முடித்துவிடுவார்கள். அத்துமீறல் என்றால், இன்னொருவருக்கு உரியது என்று தெரிந்துகொண்டே அதற்குள் கை வைப்பது.

நீங்கள் பரீட்சைக்குப் படிப்பவர் என்றால் இதுவே போதும். ஆனால் கேட்ட விதத்தைப் பார்த்தால் யாருக்கோ முறைப்பாடு (புகார்) எழுதப் போகிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

‘அத்து’ என்றாலே எல்லைதான். அரபியின் ‘ஹத்’ உருது வழியாகத் தமிழுக்கு வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். “அப்படியானால் அது தமிழே இல்லை, ஏன் எழுதுகிறாய்” என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். திருகோணமலையில் எல்லோரும் புழங்குகிற சொல் இது. அதன் வேலையைச் செய்ய வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு இந்தச் சொல்லின் அருமை தெரிந்தது திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்தில், எங்கள் அப்பாவின் வயலில். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல். வயல்காரருக்கு வரம்பு என்பது காலால் மிதித்து நடக்கிற மண். அதைத் திருடவும் முடியும். பலருக்கு இது தெரியாது. ஒவ்வொரு போகமும் வரம்பு செதுக்கிச் சேறு பூசும்போது, பக்கத்து வயல்காரர் தன் பக்கத்தை மட்டும் மண்வெட்டியால் கொஞ்சம் ஆழமாக வெட்டுவார். வரம்பு மெலியும். மெலிந்தால் தண்ணீர் நிற்காது. ஆகவே நாங்கள் எங்கள் வயல் சேற்றை அள்ளி எங்கள் பக்கத்தில் அணைத்துக் கட்டுவோம். அடுத்த போகமும் அதே கதை. இப்படியே வரம்பு எங்கள் வயலுக்குள் வந்துகொண்டிருந்தது.

அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு மருத மரம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது வரம்பின் நடுவில் நின்றது. பிறகு பார்த்தால் மரம் முழுவதும் அவருடைய வயல் பக்கம் நிற்கிறது. அந்தப் பக்கத்து வேர்கள் மண்ணில்லாமல் வெளியே தெரிந்தன. மண்வெட்டியின் அலகு பட்ட வெட்டுகள் வேரில் வெள்ளையாக இருந்தன. எங்கள் பக்கத்தில் புல் அப்படியே கிடந்தது.

அப்பா அவரிடம் நேரில் பேசிப் பார்த்தார், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். முறைப்பாட்டை எழுதிய தமிழ்ப் பொடியன் நல்லவர்தான். “ஐயா, எல்லைத் தகராறு எண்டு போடுறன்” என்றார். அப்பா பேனையைப் பிடித்து நிறுத்தாத குறை.

“தம்பி, தகராறு எண்டா ரெண்டு பேருக்கும் சந்தேகம் இருக்கோணும். எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கும் இல்லை. அத்துமீறி வெட்டினார் எண்டு எழுதுங்கோ.”

அந்த ஒரு சொல்லுக்காக நீண்ட நேரம் நின்றோம். எழுதினார்கள். விஷயம் சமரசம் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குப் போனது. அங்கே “இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்” என்று தொடங்கியபோது, அப்பா முறைப்பாட்டுப் பிரதியைக் காட்டி, “நான் விட்டுக்கொடுக்க என்னட்ட என்ன கிடக்கு?” என்று கேட்டார். பிறகு நில அளவையாளர் வந்தார், காணிப் படத்தை வைத்து அளந்தார், சேற்றுக்கு அடியில் எல்லைக்கல் கிடைத்தது. மருத மரம் திரும்பவும் வரம்பின் நடுவுக்கு வந்தது. ஒரு சொல்லால்தான் வென்றோம் என்று நான் சொல்லவில்லை. காணி உறுதியும் (பத்திரமும்) கல்லும் இல்லாவிட்டால் சொல் என்ன செய்யும்? ஆனால் ‘தகராறு’ என்று எழுதியிருந்தால் அளக்கும் முன்பே பாதியை விட்டுக்கொடுத்திருப்போம். பள்ளிக்கூடம் அதிகம் போகாத என் அப்பா அதைத் தெரிந்து வைத்திருந்தார். எனக்கு அதில் பெருமைதான்.

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் பார்க்கிறது. 1883ஆம் ஆண்டின் எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில், குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ நினைத்து இன்னொருவர் வசமிருக்கும் இடத்துக்குள் நுழைவது அத்துமீறல். முறைப்படி உள்ளே வந்தவர் அந்த எண்ணத்தோடு போகாமல் நின்றாலும் அத்துமீறல்தான்.

எண்ணம் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லைப் போடக் கூடாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்துக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அத்தனை அழிவிலும் தண்ணீர் அத்துமீறியது என்று யாரும் சொல்வதில்லை. கட்டு உடைந்தது என்றுதான் சொல்வார்கள். இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டுப் போன படகும் எல்லை தாண்டிய படகுதான், அத்துமீறிய படகு இல்லை. ஆனால் இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் கடல் எல்லை குறித்த பிறகு, அது எங்கே என்று தெரிந்துகொண்டே இழுவைமடியோடு (கடலடியை இழுத்து வாரும் வலையோடு) வந்து அடிக்கடலை வாரிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் அத்துமீறல். இலங்கையில் 2017இல் இழுவைமடியை எல்லோருக்குமே சட்டத்தால் தடை செய்துவிட்டார்கள். தமிழகத்து உறவுகள் கோபிக்க வேண்டாம். கூலிக்கு வருகிறவரின் வயிற்றுப்பாடு எனக்கும் தெரியும். வலை அறுந்த எங்கள் மீனவரின் பக்கத்திலும் ஒரு முறை நின்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பேருந்தில் ஒரு பெண்பிள்ளையின் உடம்பில் கை வைத்தவனைப் பற்றிச் செய்தி எழுதும்போது ‘சீண்டினார்’ என்கிறார்கள். சீண்டல் என்பது மச்சான் மச்சாளுக்குள் நடக்கிற விளையாட்டு. அவன் செய்தது அத்துமீறல். இதைப் பெரிதாக்குகிறேன் என்று நினைப்பவர்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

சொல் பற்றி எழுதத் தொடங்கியதால் மனதில் கிடந்த மற்றதும் வருகிறது. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. இன்றைக்கும் எத்தனை அலுவலகப் பலகைகளில் தமிழ் எழுத்துக் கொலையாகிக் கிடக்கிறது! ‘அத்துமிறி உள்நுளையத் தடை’ என்று ஒரு வாசலில் நானே பார்த்தேன். உள்ளே போய்ச் சொன்னேன். “விளங்குதுதானே” என்றார்கள். விளங்கினால் போதுமா? மற்ற மொழியில் ஒரு எழுத்துப் பிழைத்தால் அன்றைக்கே மாற்றுவார்கள். கேட்டால் இனவாதம் பேசுகிறாய் என்பார்கள். நான் கேட்பது ஒரு நெடில், ஒரு ழகரம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முறைப்பாடு எழுதுவதாக இருந்தால் ‘அத்துமீறினார்’ என்று தனியாக எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எந்த இடம், அது யார் வசம் இருந்தது, உங்களுக்கு உரியது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு என்ன சாட்சி, இவை மூன்றையும் அதோடு சேர்த்தே எழுதுங்கள். முன்பு நேரில் சொல்லியிருந்தால் அந்தத் தேதியையும் போடுங்கள். எழுதுபவர் அதைத் ‘தகராறு’ என்று மாற்றினால் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.