இந்தோனேசியாவின் லமலேரா கிராமத்தில் மக்கள் எதை நம்பி வாழ்கிறார்கள்?

லமலேரா, லெம்பாத்தா தீவின் தென்கரையில் இருக்கும் சிறிய ஊர். பாறை நிலம் என்பதால் விவசாயம் பெரிதாக எடுபடாது. கடல்தான் சோறு போடுகிறது. மே முதல் அக்டோபர் வரை திமிங்கில வேட்டைக் காலம். ‘லமாஃபா’ எனப்படும் ஈட்டிக்காரர், நீண்ட மூங்கில் கழியில் செருகிய ஈட்டியோடு படகு முனையிலிருந்து திமிங்கிலத்தின் மேலேயே பாய்வார். உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது.

கிடைத்த இறைச்சி பழைய முறைப்படி பங்காகும். படகுக்குடும்பம், படகு கட்டிய தச்சர், ஈட்டி அடித்த கொல்லர் எல்லோருக்கும் பங்கு உண்டு. விதவைகள் வீட்டுக்கும் போய்ச் சேரும். இந்த ஊரில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

அப்புறம், பெண்கள் காய்ந்த இறைச்சியைத் தலையில் சுமந்துபோய் வுலாந்தோனி சந்தையில் மலைக்கிராமத்தாரிடம் கொடுத்து மக்காச்சோளம், வாழைப்பழம் வாங்குவார்கள். காசு இல்லாமல் நடக்கும் பண்டமாற்று. இப்போது மோட்டார் படகுகளும் வந்துவிட்டன.