மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறதே, டாக்டர்?

கேள்வி (கொரோனா தொற்றுக் காலத்தில் வந்தது): எனக்கு வயது 46. கொரோனா காரணமாக அலுவலகத்தில் காலையிலிருந்து மாலை வரை மாஸ்க் போட்டே இருக்க வேண்டியிருக்கிறது. மதியத்துக்கு மேல் மூச்சு முட்டுவது போல் இருக்கிறது, தலையும் வலிக்கிறது. நாம் விடும் கரியமில வாயுவையே திரும்ப இழுக்கிறோம், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று உடன் வேலை செய்பவர் பயமுறுத்துகிறார். போதாததற்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது, காதுக்குப் பின்னால் புண். அம்மாவுக்குக் காது மந்தம். மாஸ்க்கோடு பேசினால் அவருக்குப் புரிவதில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போட்டால் போதும்?

பதில்: முதலில் அந்த ஆக்சிஜன் பயத்தை முடித்துவிடுவோம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கைக்குக் கிடைத்தால் நாளைக்கே நீங்களே பார்த்துவிடலாம். மாஸ்க் போடும் முன் ஒரு அளவு. மூச்சு முட்டுகிறது என்று தோன்றும்போது, மாஸ்க்கைக் கழற்றாமலே இன்னொரு அளவு. நுரையீரல் நோயோ இதய நோயோ இல்லாதவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஓரிரு எண் கூடக்குறைய வந்தால் அது கருவியின் குணம். நகப்பூச்சை அழித்துவிட்டுப் பாருங்கள், விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் 94க்குக் கீழேயே நின்றால், பழியை மாஸ்க் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கொரோனாவாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கரியமில வாயுவும் மாஸ்க்குக்குள் தேங்கி நிற்பதில்லை, வெளியே போய்விடுகிறது. 'கரியமில வாயு வெளியே போகிறதென்றால் வைரஸும் உள்ளே வருமே' என்று அடுத்த கேள்வி வரும். மாஸ்க்கைச் சல்லடை என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. வாயு மூலக்கூறு வைரஸைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போய்வரும். சுமார் 0.1 மைக்ரான் அளவுள்ள இந்த வைரஸோ பெரும்பாலும் தனியாக வருவதில்லை, எச்சில் துளிகளிலும் நுண்துளிகளிலும் ஏறிக்கொண்டு வருகிறது. அவை இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. சர்ஜிக்கல் மாஸ்க், என்95 இரண்டிலும் நடு அடுக்கில் நிலைமின்னூட்டம் உண்டு. அதுவும் துகள்களை இழுத்துப் பிடிக்கும். சோப்புப் போட்டு அலசினால் அந்த மின்னூட்டம் போய்விடும். 'நேற்றுத்தான் நன்றாகத் துவைத்தேன்' என்று சர்ஜிக்கல் மாஸ்க்கைக் காட்டுபவர்களிடம் இதை எப்படிச் சொல்வதென்று எனக்கே சங்கடம். துணி மாஸ்க்கைத் தாராளமாகத் துவைக்கலாம், துவைக்கவும் வேண்டும்.

சரி, ஆக்சிஜன் குறையவில்லை என்றால் ஏன் முட்டுகிறது? மாஸ்க்குக்குள் காற்று சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. அந்தச் சூட்டை முகத்து நரம்புகள் உணர்ந்தவுடன் மூச்சுக்குத் திணறுவதாக மனம் எடுத்துக்கொள்கிறது. பதற்றத்தில் வாயால் வேகமாக மூச்சு விடுவோம், இன்னும் நனையும், இன்னும் முட்டும். மதியம் ஒரு புது மாஸ்க் மாற்றிப் பாருங்கள், பாதித் தொல்லை போய்விடும். தலைவலிக்கு இறுக்கமான நாடா காரணமாக இருக்கலாம். கழற்ற அலுத்துப்போய்த் தண்ணீரே குடிக்காமல் இருந்தாலும் வலிக்கும். கடுமையான ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு என்95 உண்மையாகவே சிரமம் தரலாம். அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வதே நல்லது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். எந்த நேரத்தில் கழற்றுகிறீர்கள் என்று பாருங்கள். என்னிடம் வருபவர்களிடம் நான் விசாரிப்பதும் இதைத்தான். யாருமில்லாத அறையில் கணினி முன் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள். யாராவது பேச வந்தால், குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிடுவார்கள். பேசும்போதுதான் துளிகள் அதிகம் தெறிக்கும், உரக்கப் பேசினால் இன்னும் அதிகம். அப்புறம் சாப்பாட்டு நேரம்: ஜன்னல் மூடிய சிறிய அறையில் நாலைந்து பேர் முகத்துக்கு முகம் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்த பிறகும் அரட்டை. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் அங்கே வீணாகிவிடும். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் தொற்றைப் பரப்பக்கூடும் என்பதால், 'எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறோம்' என்பது செல்லாது. ஆகவே தனியாக, ஜன்னல் திறந்த அறையிலோ கூட்டமில்லாத வெட்டவெளியிலோ இருக்கும்போது கழற்றிவிட்டு நிம்மதியாக மூச்சு விடுங்கள். பேசும்போது மூக்கு வரை மூடியிருக்கட்டும். சாப்பாட்டை மட்டும் தள்ளி உட்கார்ந்து, பேசாமல் முடித்துக்கொள்ளுங்கள். இது முரட்டுத்தனமாகத் தெரியும்தான், கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால் மூக்கின் இரு பக்கமும் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் விடும் காற்று மேலே போகும் அதே வழியில் வெளிக்காற்றும் வடிகட்டாமல் உள்ளே வரும். மேல் விளிம்பில் இருக்கும் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும். இரண்டு கை விரல்களாலும் மூக்குத்தண்டிலிருந்து கன்னம் வரை அழுத்திப் படிய வையுங்கள். கண்ணாடியை மாஸ்க்கின் மேல் உட்கார வைத்துப் பலமாக ஒருமுறை ஊதுங்கள். கண்ணில் காற்றுப் பட்டால் இன்னொரு முறை அழுத்த வேண்டும். துணி மாஸ்க்குக்கு மூன்று அடுக்கு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனிலேயே சொன்னது. ஆனால் மூன்றடுக்கு மாஸ்க்கானாலும் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் பெரிய பயனில்லை. வால்வு வைத்தது வேண்டாம். உங்கள் மூச்சை அது வடிகட்டாமல் வெளியே விட்டுவிடும்.

காதுப் புண் ஆறும் வரை நாடாவைத் தலைக்குப் பின்னால் கட்டும் வகையைப் போடுங்கள். புண் இருக்கும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அம்மா விஷயம். ஒரே வீட்டில் இருப்பவர்கள், யாருக்கும் காய்ச்சல் இருமல் இல்லை, தொற்றுள்ளவரோடு பழகவும் இல்லை என்றால் வீட்டுக்குள் மாஸ்க் அவசியமில்லை. அப்படி ஏதாவது இருந்து போட நேர்ந்தால் கத்தாதீர்கள். கத்தும்போது சொற்கள் சிதைந்துதான் போகும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே நின்று, சற்றுக் கனத்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். மருந்து, வேளை போன்றவற்றைத் தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். உதட்டைப் பார்த்து இத்தனை நாள் சமாளித்தவர்களின் காது மந்தம் இப்போதுதான் வீட்டாருக்கே தெரியவருகிறது. ஒருமுறை காது பரிசோதனை செய்துவிடுங்கள். காது மெஷின் தந்தால், அம்மா மாஸ்க்கைக் கழற்றும்போது நாடாவோடு சேர்ந்து அதுவும் கழன்று விழும். அவருக்கும் பின்னால் கட்டும் மாஸ்க்கே வாங்குங்கள்.