பைக்குள் மடித்து வைத்த சீருடை

கேள்வி: நான் விசுவமடுவுக்கு அருகில் வசிக்கிறேன். வயது 26. உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. வடக்கில் பல கிளைகள் உள்ள ஒரு சுப்பர்மார்க்கெட்டின் கிளிநொச்சிக் கிளையில் மூன்று வருடங்களாகக் காசாளராக இருக்கிறேன். காலை எட்டு மணிக்கு ஏறி நின்றால் இரவு ஏழு மணிக்குத்தான் இறங்கலாம். கவுண்டரில் காசு குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். சேமலாப நிதியும் கழிக்கிறார்கள் போல இருக்கிறது. இப்போது வவுனியாக் கிளைக்கு மேற்பார்வையாளராகப் போகச் சொல்கிறார்கள். அப்பா இல்லை, தம்பி உயர்தரம் படிக்கிறான். அம்மா மறிக்கிறார். கலியாணத் தரகரிடம் “பிள்ளை ஒரு கொம்பனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறாள்” என்று சொல்லி வைத்திருப்பதால், வவுனியாவில் போய் நின்றால் கதை வெளியே வந்துவிடும் என்கிறார். நானும் சீருடையைப் பையில் கொண்டுபோய்க் கடையில்தான் மாற்றுகிறேன், ஆகவே ஊரில் எவருக்கும் தெரியாது. வெறும் சேல்ஸ் கேர்ள் வேலைக்காக இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா? வேலையை விடுவதா, வவுனியாவுக்குப் போவதா?

பதில்: பிள்ளை, வவுனியாவைச் சற்று ஒதுக்கி வைப்போம். சீருடையைப் பையில் கொண்டுபோகிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பையைத்தான் முதலில் திறக்கப் போகிறேன்.

ஊரில் எவருக்கும் தெரியாது என்று நீங்கள் நம்புவது எனக்கு வியப்பாக இருக்கிறது. விசுவமடுவிலிருந்து தருமபுரம், பரந்தன் தாண்டிக் கிளிநொச்சிக்கு வருகிற அதே பஸ்ஸில்தான் உங்கள் ஊர்ச்சனமும் வருகிறது. பத்தாந்திகதி ஓய்வூதியம் எடுக்க வருகிறவர்களும், சம்பளம் விழுந்ததும் சாமான் வாங்க வருகிற ஆசிரியர்களும், காலபோக நெல்லை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு பட்டணம் பார்க்க வருகிறவர்களும் மூன்று வருடங்களில் ஒரு தடவையாவது உங்கள் கவுண்டரில் பால்மாப் பெட்டியை வைத்திருக்க மாட்டார்களா? அவர்கள் உங்களைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மாவின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பை மறைப்பது ஊரிடமிருந்து அல்ல, உங்கள் இருவரிடமிருந்தும்தான்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். அரசாங்க உத்தியோகம் இல்லாதவர்களை வேலையற்றவர்கள் என்றே கணக்கெடுக்கும் பழக்கம் எங்களிடையே நெடுநாளாக இருக்கிறது. ஆனால் அதே வன்னியில், பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் எண்ணி அளந்து வந்த காலத்தில், சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடையின் மனேச்சருக்கு இருந்த மதிப்பு என்னவென்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவரும் காலையிலிருந்து மாலைவரை நின்றவர்தான். சீனியை நிறுத்துக் கொடுத்து, காசை வாங்கி எண்ணி, இரவில் கணக்கு முடித்தவர்தான். கலியாண வீடுகளில் அவருக்கு முன்வரிசை இருந்தது. அவர் தராசில் செய்ததை நீங்கள் பார்கோட் இயந்திரத்தில் செய்கிறீர்கள். 2022 இல் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்ற நாட்களில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கெற் என்று சொல்லி ஏச்சு வாங்கியவர்களும் கவுண்டரில் நின்ற பிள்ளைகளே. அதை எந்தக் கணக்கில் “வெறும்” என்று எழுதினீர்கள்? அந்தச் சொல்லை உங்கள் அம்மா எழுதவில்லை, நீங்கள் எழுதினீர்கள்.

வெட்கத்துக்கு விலை உண்டு, அதை நீங்கள் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். “சேமலாப நிதி கழிக்கிறார்கள் போல” என்கிறீர்கள். மூன்று வருடம் வேலை செய்த ஒருவர் தன் சம்பளத்தைப் பற்றிப் “போல” என்று எழுதுவது எப்படி? சம்பளச் சிட்டை வீட்டுக்கு வந்தால் எவராவது பார்த்துவிடுவார்கள் என்று கடையிலேயே கிழித்துப் போடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள். மறைக்கிற வேலைக்கு எவரும் உரிமை கேட்பதில்லை என்பது முதலாளிமாருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே கேளுங்கள். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம் போட வேண்டும். அதற்கு மேலே ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அதுவும் முழுக்க முதலாளியின் பணம். 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தத் தொகையே உங்கள் சம்பளம் என்று வைத்தாலும் சேமலாப நிதியில் மாதம் 6,000 ரூபா உங்கள் பெயரில் விழ வேண்டும். உங்களிடமிருந்து 2,400 ரூபாவைக் கழித்துவிட்டு அங்கே செலுத்தாமல் விட்டிருந்தால் அது களவு. உங்கள் அங்கத்துவ இலக்கம் சிட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போங்கள்.

நேரத்தையும் பாருங்கள். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை என்றால், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்தைக் கழித்தாலும் பத்து. மிச்சம் இரண்டுக்கும் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு வர வேண்டும். கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறையும் அதே சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 இல் கடைப் பணியாளர் இருப்பதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். அங்கேயும் அதற்கு முன்பு பெண்கள் உங்களைப் போலவே கால் வீங்க நின்றவர்கள்தான்.

கவுண்டரில் குறைகிற காசைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் சாப்பிடப் போகும் வேளையில் உங்கள் கடவுச்சொல்லிலேயே வேறொருவர் பில் போடுகிறாரா? போடுகிறார் என்றால் அன்றோடு நிறுத்துங்கள். காலையில் தருகிற சில்லறையையும் மாலையில் ஒப்படைக்கிற காசையும் இருவர் முன்னிலையில் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் பேசலாம்.

இனி அம்மாவின் விடயம். தாய் சொல்லைத் தட்டு என்று இந்தப் பக்கத்தில் நான் எவருக்கும் எழுதியதில்லை. தகப்பனில்லாத வீட்டில் இரு பிள்ளைகளை ஆளாக்கிய பெண்ணுக்கு நீங்கள் கடன்பட்டவர். தம்பியின் ரியூசன் காசு உங்கள் கவுண்டரிலிருந்து போவதும் சரி, அக்கா செய்ய வேண்டியது அது. ஆனால் அந்தக் காசில் அடுப்பெரித்துக்கொண்டே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல நாணுவது தாய்ப்பாசத்தில் சேராது. அந்த நாணத்துக்குத் துணைபோவதை நீங்கள் கீழ்ப்படிவு என்று நினைக்கிறீர்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் என்பார்கள். பொய் சொன்னவர்கள் பந்தி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பொய்யோடு குடித்தனம் நடத்துவது நீங்கள். கலியாணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண் சேமலாப நிதியை மீளப்பெற முடியும், அதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழைக் காட்ட வேண்டும், படிவத்தில் கடையின் பெயரும் இருக்கும். அன்று உங்கள் கணவர் பக்கத்தில் நின்று அதை வாசிப்பார். கணக்குப் பிரிவு எங்கே என்று அவர் கேட்டால் அம்மாவா வந்து பதில் சொல்வார்?

காசாளர் என்றதும் எழுந்து போகிற மாப்பிள்ளை வீட்டார் போகட்டும். அவர்கள் உங்கள் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள், வேலையின் பெயரைத்தான் வேண்டாம் என்றிருப்பார்கள்; அப்படிப்பட்ட வீட்டில் விளக்கேற்ற நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

வருகிற திங்கட்கிழமை வீட்டிலேயே சீருடையை உடுத்து, முற்றத்தால் இறங்கி, பஸ்ஸில் ஏறுங்கள். அம்மா அழுவார், ஒரு கிழமை கதைக்காமலும் இருப்பார். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் கோபிப்பார். தரகரிடம் சொன்னதைத் திருத்த வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. வவுனியாவுக்குப் போகச் சொல்லும் மனேச்சரிடம் பதவியின் பெயரும் சம்பளமும் வேலை நேரமும் எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லில் கிடைத்த மேற்பார்வையாளர் பதவி சம்பளம் கூடாமல் வேலை மட்டும் கூடுகிற பதவியாகவே பெரும்பாலும் இருக்கும். போவதா இல்லையா என்று, அந்தக் கடிதம் கைக்கு வந்து, அம்மாவும் தரகரோடு பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள்.